சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா? இணைப்புச் சொல்லை விடுங்கள், வினைமுற்றை எண்ணுங்கள்

தாராவியில் இருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "நான் ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ் மீடியம் பள்ளியில் படித்தேன், அப்புறம் இங்கிலீஷ் மீடியம். இப்போது தம்பிக்கு நான்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், அவன் பத்தாவது. ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைக் கொடுத்து இது சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா என்று கேட்டால் பாதி தப்பாக எழுதுகிறான். 'அண்ட், பட் வந்தால் காம்பவுண்ட். பிகாஸ், இஃப் வந்தால் காம்ப்ளெக்ஸ். எதுவும் இல்லையென்றால் சிம்பிள்' என்று டியூஷனில் சொல்லியிருக்கிறார்கள். அதன்படிதான் எழுதுகிறான். எங்கே தப்பு நடக்கிறது?"

தம்பியைத் திட்ட வேண்டாம். அந்தச் சூத்திரத்தில்தான் கோளாறு. சுருக்கமாகச் சொன்னால், ஒரே அலகாக நிற்கும் வாக்கியம் சிம்பிள்; சமமான முழு வாக்கியங்கள் சேர்ந்தது காம்பவுண்ட்; தனியாக நிற்காத ஒரு துண்டு முழு வாக்கியத்தைச் சார்ந்து வந்தால் காம்ப்ளெக்ஸ். நான்கு வாக்கியம் போதும் அதை உடைக்க. "இட்லி அண்ட் சட்னி ஆர் ரெடி." இதில் அண்ட் இருக்கிறது, ஆனால் இது சிம்பிள். "எவ்ரிபடி பட் ரவி கேம்." ரவியைத் தவிர எல்லாரும் வந்தார்கள் என்று பொருள், பட் இருந்தும் சிம்பிள்தான். "பிகாஸ் ஆஃப் தி ரெய்ன், தி டிரெய்ன்ஸ் வேர் லேட்." பிகாஸ் இருக்கிறது, இதுவும் சிம்பிள். "ஐ திங்க் ஹி லெஃப்ட்." இதில் இணைப்புச் சொல் எதுவுமே கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இது காம்ப்ளெக்ஸ்.

நீளத்தை வைத்தும் சொல்ல முடியாது. பிள்ளைகள் நிறைய பேர் நீளமான வாக்கியத்தைப் பார்த்தாலே காம்ப்ளெக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள், பெயரே அப்படித் தோன்ற வைக்கிறது. கடைசியாகச் சொன்ன வாக்கியத்தில் நான்கே சொற்கள்தான். கீழே ஒரு பத்துச் சொல் வாக்கியம் வரும், அது சிம்பிள்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? வினைமுற்றை. ஏழாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த உங்களுக்கு முற்று, எச்சம் என்ற வித்தியாசம் ஏற்கெனவே தெரியும். "படித்தான்" என்றால் வாக்கியம் அங்கே முடிந்துவிடுகிறது. "படித்து", "படிக்க", "படித்தால்" என்றால் இன்னும் என்னவோ வர வேண்டியிருக்கிறது. "படித்த" என்றால் ஒரு பெயர் வர வேண்டும். இங்கிலீஷிலும் இந்தப் பிரிவு அப்படியே உண்டு. "ஹி ரீட்ஸ்", "ஹி ரெட்", "ஹி இஸ் ரீடிங்", "ஹி வில் ரீட்" இவையெல்லாம் முற்று. "டு ரீட்", வெறும் "ரீடிங்", "ஹேவிங் ரெட்" ஆகியவை எச்சம் மாதிரி. இலக்கணப் புத்தகம் முதல் வகையை ஃபைனைட் வெர்ப் என்றும் மற்றதை நான்ஃபைனைட் என்றும் சொல்லும். ஒரு வாக்கியத்தில் எத்தனை ஃபைனைட் வெர்ப் இருக்கிறது என்று எண்ணத் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

எண்ணுவதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள். "ஹி வான்ட்ஸ் டு பை எ ஃபோன்" என்பதை நேற்றைக்குக் கொண்டுபோனால் "ஹி வான்டட் டு பை எ ஃபோன்" ஆகும். மாறியது "வான்ட்ஸ்" மட்டும்தான், "டு பை" அப்படியே இருக்கிறது. ஆக ஃபைனைட் வெர்ப் ஒன்றுதான். சரி, அந்த நீளமான வாக்கியம்: "தி உமன் செல்லிங் ஃப்ளவர்ஸ் அவுட்சைட் தி டெம்பிள் நோஸ் மை மதர்." கோயில் வாசலில் பூ விற்கும் பெண்ணுக்கு என் அம்மாவைத் தெரியும். இதை இறந்தகாலத்துக்கு மாற்றினால் "நோஸ்" மட்டும் "நியூ" ஆகிறது. "செல்லிங்" அசையவே இல்லை. ஒரே முற்று, எனவே சிம்பிள். வில், கேன், மஸ்ட் போன்றவற்றில் மட்டும் இந்தச் சோதனை சரியாக வேலை செய்யாது. குறிப்பாக மஸ்ட் காலத்துக்கு ஏற்ப மாறவே மாறாது. ஆனால் அந்தச் சொற்கள் எங்கே வந்தாலும் முற்றுதான், கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம். "ஹி மஸ்ட் ஹேவ் பீன் ஸ்லீப்பிங்" என்று நான்கு வினைச்சொற்கள் வரிசையாக வந்தால் நான்கு என்று எண்ணக்கூடாது. அது ஒரே கூட்டம். முற்றாக இருப்பது முதல் சொல் மட்டும்.

தம்பி மாதிரிப் பிள்ளைகள் அதிகம் வழுக்கும் இடம் இன்னொன்று. "தி பேக் லெஃப்ட் ஆன் தி டிரெய்ன் வாஸ் ஃபௌண்ட் அட் குர்லா." டிரெய்னில் விட்ட பை குர்லாவில் கிடைத்தது. "லெஃப்ட்" என்பதைப் பார்த்ததும் இறந்தகால முற்று என்று கை தானாக வட்டம் போடும். காலத்தை மாற்றிப் பாருங்கள்: "வாஸ்" என்பது "இஸ்" ஆகிறது, "லெஃப்ட்" அப்படியே நிற்கிறது. அது "விட்ட" என்ற பெயரெச்சத்தின் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே சிம்பிள். அதே வாக்கியத்தை "தி பேக் தட் வாஸ் லெஃப்ட் ஆன் தி டிரெய்ன் வாஸ் ஃபௌண்ட்" என்று எழுதினால் "வாஸ்" இரண்டு முறை வருகிறது, இரண்டும் முற்று. இப்போது காம்ப்ளெக்ஸ். பொருள் மாறவில்லை, அமைப்பு மாறிவிட்டது.

இங்கே தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. டியூஷன்களில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாம் இங்கிலீஷ் வாக்கியத்தைப் படித்ததும் மனசுக்குள் தமிழில் போட்டுக்கொண்டு, அந்தத் தமிழைப் பார்த்துப் பதில் சொல்கிறோம். தமிழோ எதையும் எச்சமாக்கிக் கோத்துக்கொண்டே போகும், முற்றைக் கடைசிக்கு ஒன்று வைத்துக்கொள்ளும். "மழை பெய்ததால் ரயில் நின்றது." இதில் முற்று "நின்றது" ஒன்றுதான். இங்கிலீஷில் "தி டிரெய்ன்ஸ் ஸ்டாப்ட் பிகாஸ் இட் ரெய்ண்ட்." ஸ்டாப்ட் ஒன்று, ரெய்ண்ட் ஒன்று, இரண்டு முற்று. ஆஃப் சேராத பிகாஸுக்குப் பிறகு முழு எழுவாயும் முழு முற்றும் வந்தே தீர வேண்டும் என்பது இங்கிலீஷின் விதி. "மாடியில் குடியிருக்கும் மாமா பஜனை பாடுவார்" என்பதிலும் தமிழில் ஒரு முற்றுதான். "தி மேன் ஹூ லிவ்ஸ் அப்ஸ்டேர்ஸ் சிங்ஸ் பஜன்ஸ்" என்பதில் லிவ்ஸ், சிங்ஸ் என்று இரண்டு. "நீ வந்தால் போகலாம்", "ஹிந்த்மாதாவில் தண்ணீர் தேங்கும்போது பஸ் சுற்றிப் போகும்" எல்லாம் இதே கதை.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் நமக்குத் துணையாக வருகிறது. "அவன் போய்விட்டான் என்று நினைக்கிறேன்" என்கிறோம். "என்று" போட்டால் முன்னால் இருக்கும் முற்று கலையாமல் முற்றாகவே இருக்கும். போய்விட்டான், நினைக்கிறேன், இரண்டு. "ஐ திங்க் ஹி லெஃப்ட்" என்பதிலும் இரண்டு. இங்கே "தட்" என்ற சொல் மறைந்திருக்கிறது; இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தமிழில் சொல்லிப் பார்த்து "என்று" வந்தால் அங்கே ஒரு "தட்" ஒளிந்திருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். "தி புக் யூ கேவ் மீ இஸ் மிஸ்ஸிங்" என்பதிலும் இப்படி ஒரு "தட்" ஒளிந்திருக்கிறது. ஆனால் அதற்குத் தமிழ் "நீ கொடுத்த புத்தகம்" என்று பெயரெச்சமாகிவிடுவதால் "என்று" வராது. முற்றை எண்ணித்தான் பிடிக்க வேண்டும்.

முற்று ஒன்றுதான் என்றால் சிம்பிள், அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த கேள்வி: ஒவ்வொரு முற்றையும் அதன் எழுவாயோடு சேர்த்துப் பிரித்து எடுத்தால் தனியாக நிற்குமா? "இட் ரெய்ண்ட், பட் தி டிரெய்ன்ஸ் ரான் ஆன் டைம்." பட் என்பதை எடுத்துவிட்டால் இரண்டு பாதியும் தனித்தனி வாக்கியமாக நிற்கும், ஒன்றுக்கொன்று சமம். அது காம்பவுண்ட். "ஆல்தோ இட் ரெய்ண்ட், தி டிரெய்ன்ஸ் ரான் ஆன் டைம்." "ஆல்தோ இட் ரெய்ண்ட்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எதிரில் இருப்பவர் "சரி, அப்புறம்?" என்று கேட்பார். தனியாக நிற்காத அந்தத் துண்டு துணை வாக்கியம், மற்றது முதன்மை வாக்கியம். அது காம்ப்ளெக்ஸ். துணை வாக்கியம் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் நடுவில் புகுந்தாலும் பதில் மாறாது.

சமமானவற்றை இணைக்கும் சொற்கள் ஏழுதான்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ. இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். செய்யட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலை முதலில் பிடித்துக்கொள்ளாமல் முற்றை எண்ணிய பிறகு பார்க்க வேண்டும். இணைப்புச் சொல்லே இல்லாமல் அரைப்புள்ளி மட்டும் போட்டு இணைத்தாலும் காம்பவுண்ட்தான். ஹவ்எவர், தேர்ஃபோர் போன்ற சொற்கள் அரைப்புள்ளிக்குப் பின்னால் வரும்: "இட் வாஸ் ரெய்னிங்; ஹவ்எவர், வீ வென்ட் அவுட்." இதுவும் காம்பவுண்ட். வெறும் காற்புள்ளி போட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டினால் இங்கிலீஷில் அது பிழை. தமிழில் நாம் சர்வசாதாரணமாகச் செய்வது என்பதால் பிள்ளைகளின் கட்டுரைகளில் இது நிறைய வரும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரட்டை வேஷம் போடும் சொற்கள்தான் தேர்வில் கேள்வி எடுப்பவர்களுக்குப் பிடித்தவை. ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ், அன்டில் இந்த நான்கும் பெயருக்கு முன்னாலும் வரும், முழு வாக்கியத்துக்கு முன்னாலும் வரும். "ஆஃப்டர் லஞ்ச் வீ ஸ்லெப்ட்" சிம்பிள். "ஆஃப்டர் வீ ஹேட் லஞ்ச், வீ ஸ்லெப்ட்" காம்ப்ளெக்ஸ். "ஹூ ப்ரோக் தி கிளாஸ்?" என்பது வெறும் கேள்வி, சிம்பிள். "ஐ நோ ஹூ ப்ரோக் தி கிளாஸ்" காம்ப்ளெக்ஸ். "தட் பாய் இஸ் டால்" என்பதில் தட் சுட்டுச்சொல். அதைப் பார்த்துக் காம்ப்ளெக்ஸ் என்று எழுதிய விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன். சோ என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். "ஹி ரான் ஃபாஸ்ட், சோ ஹி காட் தி டிரெய்ன்" என்றால் ஆகவே என்ற பொருள், காம்பவுண்ட். "ஹி ரான் ஃபாஸ்ட் சோ தட் ஹி குட் கேட்ச் தி டிரெய்ன்" என்றால் பிடிப்பதற்காக என்ற நோக்கம், காம்ப்ளெக்ஸ்.

கட்டளை வாக்கியங்களில் எழுவாய் வெளியே தெரியாது, "யூ" என்பது மறைந்திருக்கும். "சிட் டவுன்" இரண்டே சொல், ஆனாலும் முழு வாக்கியம், சிம்பிள். "ஸ்டடி ஹார்ட் ஆர் யூ வில் ஃபெயில்" என்பதில் ஸ்டடி ஒரு முற்று, வில் இன்னொரு முற்று, நடுவில் ஆர்; காம்பவுண்ட். இதன் பொருளைத் தமிழில் "படிக்காவிட்டால் ஃபெயில் ஆவாய்" என்று எடுத்துக்கொண்டு நிபந்தனை என்பதால் காம்ப்ளெக்ஸ் என்று எழுதுவார்கள். பொருளில் நிபந்தனை இருக்கலாம், அமைப்பில் இல்லை. கேள்வி அமைப்பைப் பற்றியது.

இனி அறிஞர்களே ஒத்துப்போகாத ஒரு விஷயம். "சயானில் இறங்கி, பஸ் பிடித்து, மாட்டுங்காவில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்." தமிழில் முற்று ஒன்று. இங்கிலீஷில் "ஐ காட் டவுன் அட் சயான், காட் எ பஸ், பாட் ஃப்ளவர்ஸ் அட் மாட்டுங்கா அண்ட் கேம் ஹோம்" என்று எழுதினால் முற்று நான்கு, எழுவாய் ஒன்றே ஒன்று. இது என்ன வகை? இப்போதைய இங்கிலீஷ் இலக்கணப் பாடங்களில் பெரும்பாலானவை இதை சிம்பிள் என்கின்றன: ஒரே எழுவாய்க்குப் பல பயனிலைகள் கூட்டாக வந்திருக்கின்றன, அவ்வளவுதான். இந்தியப் பள்ளிகளில் பல தலைமுறையாகப் புழங்கும் பழைய இலக்கண மரபோ, விடுபட்ட "ஐ" ஒவ்வொன்றுக்கு முன்னாலும் மறைந்திருக்கிறது என்று கொண்டு இதைக் காம்பவுண்ட் என்கிறது. "நாட் ஒன்லி, பட் ஆல்சோ" போட்டு ஒரே எழுவாயோடு எழுதும் வாக்கியத்தை நம் பள்ளிகளில் காம்பவுண்ட் என்று சொல்லித்தருவது அந்த வழியில் வந்ததுதான். தமிழ்ப் பாடத்தில் ஓர் எழுவாய் பல பயனிலை பெற்றால் தொடர்நிலைத் தொடர் என்று படித்திருப்பீர்கள், அதுவும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

என்னைக் கேட்டால் சிம்பிள் என்பதே பொருத்தம். எழுவாய், முற்று இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழு அலகு. ஆனால் தம்பிக்கு என் கருத்து மார்க் போடாது. அவன் பள்ளிப் புத்தகத்தில் இப்படி ஒரு வாக்கியத்துக்கு என்ன விடை தந்திருக்கிறார்கள் என்று பார்த்து, தேர்வில் அதையே எழுதச் சொல்லுங்கள். அவனே காம்பவுண்ட் வாக்கியம் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் எழுவாயை இரண்டாவது முறையும் எழுதிவிடட்டும்: "ஐ காட் எ பஸ், அண்ட் ஐ கேம் ஹோம்." இதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாது.

நான்காவதாக காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று ஒன்று உண்டு. பெயர்தான் பயமுறுத்தும். தனியாக நிற்கும் வாக்கியம் குறைந்தது இரண்டு, நிற்காதது குறைந்தது ஒன்று. "வென் தி ரெய்ன் ஸ்டாப்ட், தி டிரெய்ன்ஸ் ஸ்டார்ட்டட், அண்ட் வீ வென்ட் ஹோம்." முற்றை எண்ணத் தெரிந்தவனுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். ஒரு வாக்கியம் செய்தியா, கேள்வியா, கட்டளையா, வியப்பா என்று பிரிப்பது வேறு கணக்கு. கேள்வி வாக்கியமும் காம்ப்ளெக்ஸாக இருக்கலாம், கட்டளையும் காம்பவுண்டாக இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம் சொந்தக்காரப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் எஸ்-வி-ஓ-சி-ஏ என்று எழுதி சென்டென்ஸ் பேட்டர்ன் கண்டுபிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு முற்றைச் சுற்றி எழுவாய், செயப்படுபொருள் எல்லாம் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்ப்பது. நாம் பேசுவது அப்படி எத்தனை அலகுகள் இருக்கின்றன, எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது. கேள்வித்தாளில் எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு நான் சொல்லும் வழி, ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுத வைப்பது. தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கை எடுத்துக்கொள்ளலாம், மும்பைப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். "பிகாஸ் ஆஃப் தி மெகா பிளாக், வீ டுக் எ பஸ்." சிம்பிள், ஏனென்றால் பிகாஸ் ஆஃப் என்பதற்குப் பின்னால் பெயர் மட்டும்தான் இருக்கிறது. "தேர் வாஸ் எ மெகா பிளாக், சோ வீ டுக் எ பஸ்." காம்பவுண்ட். "ஆஸ் தேர் வாஸ் எ மெகா பிளாக், வீ டுக் எ பஸ்." காம்ப்ளெக்ஸ். அடுத்து கூட்ட நெரிசல்: "தி டிரெய்ன் வாஸ் டூ க்ரௌடட் டு போர்ட்" என்பதில் "டு போர்ட்" எச்சம், ஆகவே சிம்பிள். "தி டிரெய்ன் வாஸ் சோ க்ரௌடட் தட் வீ குட் நாட் போர்ட் இட்" காம்ப்ளெக்ஸ். "தி டிரெய்ன் வாஸ் வெரி க்ரௌடட், சோ வீ குட் நாட் போர்ட் இட்" காம்பவுண்ட். டூவை எடுத்தால் நாட் வந்தாக வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள், அதை ஒரு முறை அழுத்திச் சொல்லுங்கள்.

மூன்றாவது தொகுதி "இன் ஸ்பைட் ஆஃப்", "பட்", "ஆல்தோ". "இன் ஸ்பைட் ஆஃப் தி ரெய்ன், ஹி வென்ட் டு ஸ்கூல்" சிம்பிள். பட் வைத்தால் காம்பவுண்ட், ஆல்தோ வைத்தால் காம்ப்ளெக்ஸ். "மழை பெய்தாலும், ஆனால் அவன் போனான்" என்று பேச்சில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிற பழக்கத்தில் "ஆல்தோ இட் ரெய்ண்ட், பட் ஹி வென்ட்" என்று எழுதுவார்கள். இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். ஆல்தோவை அடித்தால் காம்பவுண்ட், பட் என்பதை அடித்தால் காம்ப்ளெக்ஸ். இப்படி எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் முதலில் பென்சிலால் முற்றுக்குக் கீழே மட்டும் கோடு போடட்டும், வகையின் பெயரை அப்புறம் எழுதட்டும். கோடு சரியாக விழ ஆரம்பித்ததும் வட்டம், சதுரம் என்று இணைப்புச் சொற்களுக்கும் அடையாளம் போடச் சொல்லலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.